குடும்பத்தோடு கடல் தாண்டுவோர்க்கு: சிங்கப்பூர், மலேசியச் சுற்றுலாவும் அதன் ஏற்பாடுகளும்

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் முதன்முறையாக வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும்போது பெரும்பாலும் சிங்கப்பூரையும் மலேசியாவையுமே தேர்ந்தெடுக்கின்றன. தொலைவு குறைவு, நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும், தமிழ் பேசுவோர் உண்டு என்று காரணங்கள் சொல்லப்பட்டாலும், அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட போக்குவரத்துப் பழக்கமே. 1926-இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா என்ற கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பின் அந்தத் தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீ விபத்துக்குள்ளாகிப் போக்குவரத்திலிருந்து விலகியது. கப்பலில் போனவர்கள் பிழைப்புக்காகவோ வணிகத்துக்காகவோ போனவர்கள். திரும்பி வருவதற்குச் சில ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தே புறப்பட்டவர்கள். பேரப்பிள்ளைகளையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு ஒரு வாரம் போய்வருவது என்பது மலிவுக் கட்டண விமானங்கள் வந்தபின் ஏற்பட்ட வழக்கம். 2024 ஜனவரியில் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தின் புதிய முனையம் திறந்துவைக்கப்பட்டது. காவிரிப் படுகைக் குடும்பம் ஒன்று சென்னைக்குப் போகாமலேயே அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கிவிடலாம்.

பயணம் எளிதானபோதும், அதற்கான தகவல் இன்னும் பெரும்பாலும் வாய்வழியாகவே வருகிறது. ஒரு காலத்தில் ஏ.கே. செட்டியாரின் பயண நூல்களும், ஆனந்த விகடனில் மணியன் எழுதிய ‘இதயம் பேசுகிறது’ தொடரும், ஊரை விட்டு நகராத வாசகர்க்கும் வெளிநாட்டைப் பழக்கப்படுத்தின. இன்று அந்த வேலையைப் போன மாதம் போய்வந்த சித்தப்பா குடும்பமும், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரும், சிங்கப்பூரின் ஜூரோங்கில் வேலைபார்க்கும் மச்சானும் செய்கிறார்கள். இவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் ஒரு பயணக் குறிப்பு பயன்பட வேண்டுமானால் அது எந்த ஆண்டில், எந்த மாதத்தில், எத்தனை வயதுள்ள எவரோடு போனபோது கிடைத்தது என்ற மூன்றும் கூடவே வரவேண்டும். புதுமணத் தம்பதிக்குக் கிடைத்த அனுபவம் ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பொருந்தாது என்பது ஒருபுறமிருக்க, குறிப்புகளுக்குக் காலாவதியும் உண்டு. ஜூரோங் பறவைப் பூங்காவைத் தவறவிடாதீர்கள் என்று இன்றும் சொல்வோர் இருக்கிறார்கள். அது 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அங்கிருந்த பறவைகள் மண்டாயில் அதே ஆண்டு மே மாதம் திறந்த புதிய பூங்காவுக்குப் போய்விட்டன. முஸ்தஃபா கடை இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் என்பதும் கொரோனாவுக்கு முந்திய செய்தி. மலேசியாவுக்கு விசா எடுக்க ஏஜென்டிடம் பணம் கட்ட வேண்டும் என்ற அறிவுரையோ, 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் வரை தங்கும் இந்தியர்க்கு விசா தேவையில்லை என்ற சலுகை வந்தபோதே செல்லாததாகிவிட்டது. அந்தச் சலுகையும் காலவரையறை வைத்து நீட்டிக்கப்படுவதுதான் என்பதால், புறப்படுமுன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

ஏற்பாடுகளில் முதலில் கைவைக்க வேண்டியது பாஸ்போர்ட்டில். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். சிறுவர்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகளே. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தபின், ஏழு வயதுப் பிள்ளையின் பாஸ்போர்ட் மட்டும் காலாவதியாகியிருப்பதைக் கண்டு கலங்குவது அடிக்கடி நடக்கிறது. சென்று இறங்கும் நாளில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடிக்காலம் மீதமிருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அடுத்தது பெயர். இது தமிழர்க்கே உரிய சிக்கல் என்பதால் வடநாட்டுச் சுற்றுலா நிறுவனங்களின் கையேடுகள் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தமிழர் வழக்கில் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்வதோடு சரி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தே எழுத வேண்டும் என்பதால், தகப்பன் பெயரோ கணவன் பெயரோ குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கோவிந்தன் மகன் ராமசாமி, அவர் மகன் முருகேசன் என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டால், தாத்தாவின் கட்டத்தில் கோவிந்தன் என்றும், பாட்டிக்கும் முருகேசனுக்கும் ராமசாமி என்றும், முருகேசனின் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் முருகேசன் என்றும் இருக்கும். ஆக, ஒரே வீட்டு ஆறு பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். இதனால் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் ஒரே குடும்பம் என்று காட்டப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருப்பது நலம். உண்மையான தொல்லை, பழைய பாஸ்போர்ட்களில் அந்தக் கட்டமே வெறுமையாக விடப்பட்டிருக்கும் முதியவர்களுக்குத்தான். விமான நிறுவனத்தின் படிவம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகரவிடாது. சில நிறுவனங்கள் ஒற்றைப் பெயரையே இரண்டு கட்டங்களிலும் எழுதச் சொல்கின்றன, சில வேறு முறை வைத்திருக்கின்றன. எனவே அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்தபின்னரே டிக்கெட் எடுக்க வேண்டும். துபாய் வழியாகவோ துபாய்க்கோ போக எண்ணுவோர் மேலும் கவனமாக இருக்க வேண்டும்: ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவதற்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு விதித்தது.

சிங்கப்பூருக்கு இந்தியர் விசா பெற்றே ஆக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பிப்பது வழக்கம். அரசுக் கட்டணம் 30 வெள்ளி. (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றே சொல்கிறார்கள்.) விசா மறுக்கப்பட்டாலும் அந்தத் தொகை திரும்பி வராது. இதைத் தவிர, இரு நாடுகளும் வருகையாளர்கள் இணையத்தில் ஒரு வருகை அட்டையை நிரப்பச் சொல்கின்றன; யார், எப்போது, எந்த விமானத்தில் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்ற விவரங்களைத் தரும் படிவம் அது. சென்று இறங்கும் நாளுக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் இதை நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக நிரப்ப வேண்டும். இரு அட்டைகளுக்கும் கட்டணமே இல்லை. ஆயினும் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி ஆளுக்கு இவ்வளவு என்று பணம் பறிக்கும் தளங்கள் நிறைய உள்ளன. பணம் கேட்கும் பக்கம் வந்தாலே அது போலி என்று முடிவுகட்டிவிடலாம்.

பயணத்துக்கு ஏற்ற காலம் எது என்ற கேள்விக்குச் சிங்கப்பூரின் தட்பவெப்பம் அதிக உதவி செய்யாது. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகையளவே வடக்கில் உள்ள அந்தத் தீவில் ஆண்டு முழுவதும் ஒரே புழுக்கம், நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. உண்மையில் காலத்தை முடிவுசெய்வது பள்ளி நாட்காட்டி. தமிழ்நாட்டில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் கட்டணம் ஏறுகிறது. ஜூனில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால் அங்குள்ள பூங்காக்களில் கூட்டம் நெரிகிறது. கட்டணம் கூடினாலும் பூங்காக்களில் அந்த நெரிசல் இல்லாத மே முதல் பாதி ஓரளவு தேவலாம். சீனப் புத்தாண்டை ஒட்டிச் சென்றால் பல கடைகள் மூடியிருக்கும். தைப்பூசத்தில் கோலாலம்பூரின் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போவது பக்திக்கு ஏற்றது. சின்னக் குழந்தைகளோடு சுற்றிப் பார்ப்பதற்கு ஏற்றதன்று.

விமான நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அனுபவமில்லாத குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. இரவு விமானத்தில் போனால் ஒரு பகல் மிச்சம், ஓட்டல் செலவும் ஓர் இரவுக்கு மிச்சம் என்பது பலரும் சொல்லும் யோசனை. நள்ளிரவு 12.30-க்குப் புறப்பட்டால் நான்கு மணி நேரப் பயணம்; சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் இருப்பதால் அங்கே இறங்கும்போது காலை ஏழு. குடிநுழைவு முடிந்து, பெட்டி எடுத்து, ஓட்டலுக்குப் போய்ச் சேர ஒன்பது ஆகும். அறையோ பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இரவு முழுவதும் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்த எழுபது வயதுப் பெரியவரும், தூக்கம் கலைந்து சிணுங்கும் நான்கு வயதுக் குழந்தையும் அந்த ஐந்தாறு மணி நேரத்தை வரவேற்புக் கூடத்துச் சோபாவில் கழிக்க வேண்டியிருக்கும். மறுநாளும் அந்தக் களைப்பிலேயே போகும். நண்பர்கள் நால்வர் சேர்ந்து போனால் இரவு விமானம் சிக்கனம்தான். மூன்று தலைமுறை சேர்ந்து போகும்போது சற்றுக் கூடுதல் கட்டணம் கொடுத்துப் பகல் விமானத்தில் போவதோ, முந்திய இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுவதோதான் சிக்கனம்.

இந்தக் கணக்கு பயணத் திட்டம் முழுமைக்கும் பொருந்தும். குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய நடைக்கே அட்டவணை எழுதப்பட வேண்டும். ஏழு நாளில் சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், கெந்திங், பினாங்கு என்று ஐந்து ஊர்களை அடுக்கும் தொகுப்புச் சுற்றுலாக்கள் விளம்பரத்தில் அழகாக இருந்தாலும், அவற்றில் பாதிப் பொழுது பேருந்திலும் பெட்டி கட்டுவதிலும் கழிந்துவிடும். இரண்டு ஊர்களே போதும்; சிங்கப்பூரில் இறங்கிக் கோலாலம்பூரிலிருந்து திரும்புமாறு டிக்கெட் எடுத்துக்கொண்டால் வந்த வழியே திரும்பும் வீண் அலைச்சலும் இல்லை. இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பேருந்தில் ஐந்தாறு மணி நேரம். எல்லையில் சிங்கப்பூர்ப் பக்கம் ஒருமுறையும் மலேசியப் பக்கம் ஒருமுறையும் இறங்கி ஏற வேண்டும். மலேசியப் பக்கம் பெட்டிகளையும் இறக்கிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால், ஆளுக்கொரு பெட்டி என்பதைவிடத் தூக்கக்கூடியவர் எத்தனை பேரோ அத்தனை பெட்டி என்பதே சரியான கணக்கு. வெள்ளி மாலையும் விடுமுறை நாள்களும் எல்லை கடக்க உகந்தவையல்ல.

பத்துமலையை எடுத்துக்கொண்டால் இந்த நடைக் கணக்கு தெளிவாகப் புரியும். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் ரயில் கோயில் வாசலுக்கே போகிறது. 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்குப் பக்கத்தில் 272 படிகள்; 2018-இல் அவற்றுக்கு வண்ணம் பூசியதிலிருந்து படம் எடுப்போர் நடுப்படிகளில் நின்றுவிடுவதால் ஏறுவோர்க்கு ஒதுங்க இடமில்லை. படிகள் செங்குத்தானவை, குரங்குகள் கையில் இருக்கும் பையைப் பிடுங்கும். முழங்கால் வலியுள்ள பாட்டியை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று பிள்ளைகள் துடிப்பது புரிகிறது என்றாலும், அடிவாரத்திலேயே கோயில்களும் ராமாயணக் காட்சிகளை அமைத்திருக்கும் குகையும் இருப்பதால், அவரை ஒருவர் துணையோடு கீழே இருக்கச் செய்வதில் குறை ஒன்றும் இல்லை. காலை எட்டு மணிக்கு முன் போய்விட்டால் வெயிலும் கூட்டமும் இரண்டும் குறைவு.

சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு, வெளிநாட்டு வங்கி அட்டையையே வாசலில் தட்டி உள்ளே போகலாம், 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு மாறும் சில நிலையங்களில் நிலத்தடியில் நீண்ட தூரம் நடக்க வேண்டியிருக்கும். வாடகைக் கார் என்றால் வேறொரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்: செயலி வழியாக அழைக்கும் தனியார் வாடகைக் கார்களில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு உரிய இருக்கை இருந்தே ஆக வேண்டும். வழக்கமான டாக்சிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு நிற்பவர்களை வந்த கார் ஏற்றாமல் திரும்பிப் போவதற்குக் காரணம் இதுவே. ஓட்டுநரோடு வாதிட்டுப் பயனில்லை.

உணவு பற்றி ஊரிலேயே கவலை தொடங்கிவிடுகிறது. பொடிகளும் ஊறுகாயும் கட்டப்படுகின்றன. அதில் தவறில்லை; தவறு கசகசாவில் இருக்கிறது. குருமா மசாலாவில் கைப்பிடி கசகசா அரைத்துச் சேர்ப்பது நம் சமையலறையில் சாதாரணம். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதும், அதில் மார்ஃபின் சிறிதளவு ஒட்டியிருக்கக்கூடும் என்பதும் காரணம். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியைக் கொண்டுபோவோர் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். கொப்பரைத் தேங்காயும் எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருளாகக் கருதப்படுவதால் விமானப் பெட்டியில் வைக்கக்கூடாது. சூயிங்கத்துக்கு 1992 முதல் சிங்கப்பூரில் தடை. மின்சிகரெட் வைத்திருந்தாலே குற்றம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றை உட்கொள்ளும் பெரியவர்கள் மருத்துவர் சீட்டோடு, சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போய்ச் சேர்ந்தபின் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. சிராங்கூன் சாலையிலும் தேக்கா சந்தையிலும் இட்லி முதல் மீன் தலைக் கறி வரை கிடைக்கும். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. மலேசியா முழுவதும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் நடு இரவிலும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் கிடைக்கும். சைவம் மட்டுமே உண்பவர்கள்தான் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். மலாய்ச் சம்பலில் பெரும்பாலும் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும். கீரைப் பொரியல் என்று வருவதிலும் அது இருக்கலாம். சீனச் சைவக் கடைகளில் அந்தப் பயம் இல்லை. ஆனால் சோயாவிலும் காளானிலும் கோழி, வாத்து வடிவத்திலேயே செய்து அடுக்கியிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் பாட்டி எழுந்துபோய்விடக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மூன்று நாளுக்கு மேல் ஓர் ஊரில் தங்குவோர் அடுப்பு வசதியுள்ள தங்குமிடம் பார்த்தால் காலைக் காபியும் இரவு ரசச் சோறும் அறையிலேயே முடிந்துவிடும். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஆறு பேருக்குப் பாட்டில் தண்ணீர் வாங்கும் செலவு இதனால் மிச்சம்.

பார்க்கும் இடங்களில் விலை கூடியதே சிறந்தது என்று எண்ண வேண்டியதில்லை. செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் பெரிய சவாரிகளுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு; ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தாத்தாவுக்கும் முழு நாள் டிக்கெட் எடுப்பது பெரும்பகுதி வீண். மாறாக, கரையோரப் பூந்தோட்டத்தில் செயற்கைப் பெருமரங்கள் இசைக்கேற்ப ஒளிரும் காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும் இலவசம். சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜூவலில் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவி இலவசம். அங்குள்ள தமிழர் பூமலை என்று அழைக்கும், 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான தாவரவியல் பூங்காவும் இலவசம். 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் சீனர் நெருங்கி வாழ்ந்த சைனாடவுனின் நடுவே நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பது ஒரு நல்ல மாலைப் பொழுது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கடையில் அட்டை இயந்திரம் ரூபாயிலா வெள்ளியிலா என்று கேட்டால் வெள்ளி என்றே சொல்ல வேண்டும். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்துக்காரர் தமக்கு ஆதாயமாகவே வைப்பார். மலேசிய ஓட்டல்கள் வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்கும். சிங்கப்பூரில் ஒரு கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், திரும்பும்போது விமான நிலையத்தில் பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறலாம். கடைக்காரரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டியிருக்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்குவோரிடம் 2020 அக்டோபர் முதல் நிறுவனமே ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறது. அது செலவன்று, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளத்தக்கது என்பதால் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். முதியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மறைக்கக்கூடாது. மறைத்தால் தேவைப்படும் நாளில் காப்பீடு கைகொடுக்காது.

கடைசியாக நகை. சிராங்கூன் சாலை நகைக்கடைகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது பலருக்கு முடியாத காரியம். ஆனால் சுங்க வரியின்றி நகை கொண்டுவரும் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோர்க்கே உரியது, ஒரு வாரச் சுற்றுலாப் பயணிக்கு இல்லை. இங்கிருந்து போட்டுக்கொண்டு போகும் நகையும் கூடுதலாக இருந்தால், அது புதிதாக வாங்கியதன்று என்று திரும்பும்போது மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். அதற்குப் புறப்படும் நாளிலேயே சுங்க அதிகாரிகளிடம் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். நள்ளிரவு விமானத்துக்கு முன் அந்த வரிசையில் நிற்பதைவிட, ஆரங்களை வங்கிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத் தாலிச் சங்கிலியோடும் ஒரு ஜோடித் தோட்டோடும் விமானம் ஏறுவதே மேல்.